லொக்டவுனில் நீக்கப்பட்ட ரிஸானா டீச்சர்

1. சூம் கூட்டம்

"லொக்டவுன்ல எல்லாருக்கும் நேரம் கிடைச்சது. அப்பவும் வேலை செய்யாதவங்களுக்கு ஆர்வம் இல்லை, அவ்வளவுதான்."

கொழும்பிலிருந்து கூட்டத்தை நடத்திய ஒருங்கிணைப்பாளர், யார் எத்தனை பக்கம் செய்தார்கள் என்ற கிராஃபைத் திரையில் காட்டியபடி இப்படிச் சொன்னார். அவர் குறிப்பிட்டது ரிஸானா டீச்சரை.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன், தன்னாமுனையில் வசிக்கிறேன். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களுக்குத் தமிழில் கணித நிறுவல்களை, அதாவது நிரூபணங்களை, இலவசமாகத் தரும் இணையத்தளமொன்றில் தொண்டராக இருந்தேன். எழுதுவதற்குப் பலர் இருந்தார்கள். எழுதியதைச் சரிபார்க்க, ஏறாவூரில் கணிதம் படிப்பிக்கும் ரிஸானா டீச்சரும் நானும் மட்டுமே.

ஊரடங்கு தொடங்கியதும் தளத்தில் பக்கங்கள் மளமளவென்று பெருகின. தனியறையும் லப்டொப்பும் உள்ள இளைஞர்கள் எழுதித் தள்ளினார்கள். டீச்சரைக் காணவில்லை. போனில் கோல் எடுத்தேன்.

"சேர், வீட்டுல ஒரு போன்தான் இரிக்கி. மூணு புள்ளைக்கும் அதுலதான் பாடம். என்ட வகுப்புக்கும் அதுலதான் அனுப்புற. மாமியும் படுக்கையில. நான் எங்க சேர் நிறுவல் பார்க்கிற?"

இதைத்தான் கூட்டத்தில் சொன்னேன்.

"உணர்ச்சிவசப்படாதீங்க சேர். கிராஃப் பொய் சொல்லாது."

"தம்பி, கிராஃப் கிடக்கட்டும். அந்த டீச்சருக்கு என்ன நடந்த எண்டு ஒருக்காவாவது கேட்டீங்களா?"

என்னை மியூட் செய்துவிட்டு, தளத்திலிருந்து டீச்சரின் பெயரை நீக்கினார்கள்.

2. அனுமதி இல்லை

பள்ளிக்கூடம் திறந்தபின் டீச்சர் தளத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். ஒரு நிறுவலில், இரண்டு எண்கள் சமம் என்று தொடங்கி, அவற்றின் வித்தியாசத்தாலேயே வகுத்திருந்தார்கள். பூச்சியத்தால் வகுத்தல்! பிள்ளைகள் அதைத் தரவிறக்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள். திருத்தப் போனால், 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது. எனக்குச் சொன்னார்; திருத்தினேன். அன்றே ஒருங்கிணைப்பாளருக்குக் காரமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன்.

நீண்ட நாட்களின் பின் பதில் வந்தது: 'செயற்படாத உறுப்பினர்கள் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.'

மன்னிப்பு என்ற சொல்லே அதில் இல்லை. டீச்சருக்கு வாசித்துக் காட்டினேன்.

"நான் எப்ப சேர் விட்டுட்டுப் போன? போகாத ஆளுக்கு என்னத்துக்கு விண்ணப்பம்?"

அவர் விண்ணப்பிக்கவில்லை. நானும் விலகினேன். இப்போது ஏறாவூர், ஓட்டமாவடிப் பாடசாலைகளுக்காக இருவரும் சேர்ந்து நிறுவல்களைச் சரிபார்க்கிறோம்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்கிறேன்: சம்பளமில்லாமல் உழைத்த ஒருவர் நின்றுவிட்டால், ஆர்வத்தை அளக்க முன்பு ஒரு கோல் எடுத்து ஏனென்று கேளுங்கள். அந்த ஒருங்கிணைப்பாளர் டீச்சருக்கு இன்றுவரை ஒரு கோல் எடுக்கவில்லை.