முந்நூறு கிராம் கூடுதல்

பார்சல் கிடங்கில் அவருக்குப் பெயர் நங்கூரம். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் சும்மா கிடந்தது. வேலை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது. ஆனால் புகழெல்லாம் ஆண்டு விளையாட்டுப் போட்டியில் கயிறு இழுத்ததால் வந்தது. தொண்ணூற்றாறு கிலோ உடம்போடு கடைசி ஆளாகக் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தாரென்றால், எதிரணி தலைகீழாக நின்றாலும் அசைக்க முடியாது. ஏற்றும் பிரிவு ஏழு வருடம் தொடர்ந்து கோப்பை வாங்கியதில் பாதிப் புண்ணியம் அவருடைய தொந்திக்குத்தான் சேரும்.

அந்தத் தொந்தியைத் தொண்டைப் புற்றுநோய் கொண்டுபோனது. கதிர்வீச்சு சிகிச்சை முடிவதற்குள் எச்சில் விழுங்குவதே பெரும்பாடாகி, ஐம்பத்தெட்டு கிலோவுக்கு இறங்கிவிட்டார். கட்டி கரைந்துவிட்டது, இனி எடை ஏற வேண்டும், இறங்கினால் மறுபடியும் உள்ளே பார்க்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அதைச் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. அடுத்த சோதனை திங்கட்கிழமை.

இந்த இரண்டு மாதமும் மனுஷர் எடை மெஷின் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. வீட்டிலிருந்த மெஷினை அலமாரிக்கு அடியில் தள்ளுவார். மனைவி இழுத்து வெளியே வைப்பார். இவர் திரும்பத் தள்ளுவார். சட்டை பிடிக்கிறதே என்று மனைவி சொன்னால், துவைத்ததில் சுருங்கிவிட்டது என்பார். பயந்தாங்கொள்ளி என்று நினைக்காதீர்கள். நல்ல சேதியை நம்பவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

அப்போதுதான் அணித்தலைவரான மேஸ்திரி, இந்த வருடமும் கயிறு பிடிக்க வேண்டும் என்று வந்து நின்றார். பரிதாபப்பட்டுக் கூப்பிடுகிறாரோ என்று நங்கூரத்துக்குச் சுருக்கென்றது. மேஸ்திரி பரிதாபப்படுகிற ஜாதியில்லை.

"எட்டு பேரும் சேர்ந்து அறுநூறு கிலோவுக்குள்ள இருக்கணும். நீங்க ஐம்பத்தெட்டுன்னா, மிச்ச எடைக்கு ரெண்டு தடியனுங்கள உள்ள தள்ளலாம்ணே."

தன் இளைப்பு ஒரு காரியத்துக்கு உதவுகிறதே என்று இவருக்கு வாயெல்லாம் பல். முன்னால் நின்று மெதுவாகப் பிடிக்கலாம், களைத்தால் விட்டுவிட வேண்டும் என்று டாக்டரும் சம்மதித்தார். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான், போட்டியன்று எல்லோரும் தராசில் ஏற வேண்டும் என்பது உறைத்தது. சோறு இறங்காததற்கு அன்றைக்குத் தொண்டை காரணமில்லை.

சனிக்கிழமை. பார்சல் நிறுக்கும் பெரிய தராசுக்குப் பக்கத்தில் தராசு அக்கா உட்கார்ந்திருந்தார். ஐம்பது கிராம் கூடுதல் என்று மேனேஜரின் சொந்தப் பார்சலையே திருப்பியனுப்பிய அம்மாள் அவர். நங்கூரம் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறினார்.

"அறுபத்தொன்னு நானூறு."

அவர் இறங்கினார். பையில் சாவி, சில்லறை ஏதாவது கனக்கிறதா என்று துழாவிப் பார்த்து, ஒன்றும் அகப்படாமல் மறுபடி ஏறினார். அதே அறுபத்தொன்று நானூறு. மூன்று கிலோவுக்கு மேல் ஏறியிருக்கிறது. கூட்டத்தில் நின்ற மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இவருக்கும் கண் மறைத்தது.

மேஸ்திரி மட்டும் காகிதத்தில் கூட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டை நம்பிப் போட்ட கணக்கு. இப்போது மொத்தம் அறுநூற்றிரண்டு கிலோ நானூறு கிராம். ஒரு மணி நேரத்தில் குறைத்துக்கொண்டு வந்தால் மறுபடி நிறுக்கலாம், இல்லாவிட்டால் அணி வெளியே என்றார் தராசு அக்கா.

தன்னால்தானே என்று நங்கூரம் ஓடத் தயாரானார். மேஸ்திரி கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நீங்க ஒரு கிராம் குறைஞ்சாலும் எனக்குக் கெட்ட கோபம் வரும். நாங்க ஏழு பேர் எதுக்கு இருக்கோம்?"

ஏழு தடியன்களும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, சுள்ளென்ற வெயிலில் கிடங்கைச் சுற்றி ஓடினார்கள். ஒருவர் மீசையைக்கூட எடுத்துவிட்டார். இந்தக் கூத்துக்கு நடுவே மணி பதினொன்று ஆனது, நங்கூரம் பால் குடிக்க வேண்டிய நேரம். மனைவி பிளாஸ்கைத் திறந்து, சத்துப் பவுடர் கரைத்த பாலை வழக்கமான டம்ளரில் ஊற்றி நீட்டினார். நிறுத்து முடிக்கட்டுமே என்று இவர் தயங்க, மூச்சிரைக்க ஓடிவந்த மேஸ்திரி ஒரு முறை முறைத்தார். நங்கூரம் முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்தார். அப்படிக் குடித்துப் பல மாதமாகிறது.

மறுபடி நிறுத்தார்கள்.

"அறுநூறு கிலோ முந்நூறு கிராம்," என்றார் தராசு அக்கா. "முந்நூறு கூடுதல். விதி விதிதான்."

அந்த டம்ளர் எவ்வளவு பிடிக்கும் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எட்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது மீசையைப் பறிகொடுத்தவர்தான். அப்புறம் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கயிற்றைத் தொடாமலேயே எதிரணியான பார்சல் கட்டும் பிரிவுக்குக் கோப்பை போனது. தராசு அக்கா பார்சலுக்கு ஒட்டும் சீட்டில் 61.7 என்று எழுதி, நங்கூரத்தின் சட்டையில் ஒட்டிவிட்டார். திங்கட்கிழமை வரைக்கும் கிழிக்கக் கூடாது என்று உத்தரவு வேறு.

மேஸ்திரி சும்மா இருக்கவில்லை. கேன்டீன் அலமாரியில் ஏழு கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைப்பதற்காக அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். மனைவி பின்னாலேயே போய்ப் பிடுங்கிக்கொண்டார்.

"இத இங்க வெச்சுட்டா, நாளைக்குக் காலையில அவருக்கு எதுல குடுக்குறதாம்?"