சொடக்கு பாரூக்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போகிற வழியில் இரண்டு நாற்காலி போட்ட சலூன் ஒன்று இருக்கிறது. போர்டில் என்னவோ பெயர் எழுதியிருக்கிறது; அதை இதுவரை யாரும் முழுசாகப் படித்ததில்லை. 'சொடக்கு பாரூக் கடை' என்று கேட்டால்தான் ஆட்டோக்காரருக்கே வழி தெரியும். பாரூக்குக்கு நாற்பத்தாறு வயது, வீடு ராஜபாளையத்தில். இருபத்திரண்டு வருஷமாகக் காலை பஸ்ஸில் வந்து இறங்கி, ஷட்டரைத் தூக்கி, எண்ணெய்ப் பாட்டிலை வெயில் படுகிற ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் கத்தரியையே கையில் எடுப்பார்.

கோர்ட்டுக்குப் பக்கத்தில் கடை போட்டவனுக்கு முடி வெட்டுவதைவிடத் தலை பிடிப்பதுதான் பெரிய வேலை. வாய்தாவுக்கு வந்த மனுஷன் காலையில் பாதி வயிற்றோடு வந்து, மத்தியானம் வரை வராந்தாவில் நின்று, கடைசியில் அடுத்த மாசம் ஒரு தேதியை வாங்கிக்கொண்டு வெளியே வருவான். அந்தத் தலை எப்படி இருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? பாரூக் விரலை வைத்ததுமே கேட்டுவிடுவார்.

"பாகப் பிரிவினையா?"

"எப்படி பாய் கண்டுபிடிச்சீங்க?"

"அண்ணன் தம்பி கேஸுன்னா நெத்திப்பொட்டு இறுகிரும். வரப்புத் தகராறுன்னா பிடரி."

நிஜமோ புளுகோ, கேட்டவர்கள் நம்பினார்கள். நம்பினாலே பாதித் தலைவலி போய்விடுகிறதே, அப்புறம் என்ன? வெதுவெதுப்பான நல்லெண்ணெயை உச்சியில் வைத்து ஊற விடுவார். பத்து விரலும் மெதுவாக இறங்கும். நெற்றிப்பொட்டில் வட்டம், காதுக்குப் பின்னால் அழுத்தம், பிடரிக் குழியில் கட்டை விரல். நடுவில் கையைக் கூப்பி உச்சியில் நாலு தட்டுத் தட்டுவார். அதை அவரும் பெரிசாக நினைத்ததில்லை, வாடிக்கைக்காரரும் நினைத்ததில்லை. எல்லோரும் காத்துக் கிடந்தது கடைசிக் கட்டத்துக்கு. ஒரு கை தாடையில், ஒரு கை பின் மண்டையில். சட்டென்று ஒரு திருப்பு. 'டக்' என்று சத்தம் வரும். பெஞ்சில் காத்திருக்கிறவர்கள்கூட "ஆஹா" என்பார்கள். அந்தச் சத்தத்தில்தான் அவருக்குப் பட்டப்பெயர் வந்தது, அவரும் அதில் கொஞ்சம் மயங்கித்தான் கிடந்தார்.

தவசிமுத்து வாரம் ஒருமுறை வருகிற ஆள். சோழபுரத்துக்காரர், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பால்கோவா போடுகிற இடங்களுக்குக் கேன் கேனாகப் பால் இறக்குவார். போன சித்திரையில் ஒரு நாள் காலை வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வலது பக்கம் திருப்பியதும் சொடக்கு விழுந்தது. இடது பக்கம் விழவில்லை.

"இன்னொரு தடவை போடுங்க பாய். பாதியில வுட்டா எப்பிடி?"

பாரூக் போட்டார். கொஞ்சம் வேகமாகவே போட்டார். பெஞ்சில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொடக்கு பாரூக்குக்குச் சொடக்கு விழவில்லை என்றால் மானம் என்னாவது? இந்த முறை விழுந்தது. தவசிமுத்து எழுந்து இரண்டு எட்டு வைத்தார். கடை சுற்றுகிறது என்றார். வாசலிலேயே வாந்தி எடுத்தார். இடது கை மரத்துப்போய்த் தொங்கியது.

ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் மதுரை. பாரூக் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் கூடவே போனார். கழுத்துக்குள் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயின் உள் தோல் கிழிந்திருக்கிறது, சீக்கிரம் கொண்டுவந்ததால் ஆள் பிழைத்தார் என்றார் டாக்டரம்மா. பிறகு பாரூக்கைப் பார்த்து, "கழுத்துன்னா வீட்டுத் தாழ்ப்பாள்னு நெனைச்சீங்களா? திருப்பித் திருப்பி விளையாடுறதுக்கு?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை கழுத்து என்று பாரூக் எண்ணத் தொடங்கி, பாதியிலேயே விட்டுவிட்டார்.

பத்து நாள் கழித்து தவசிமுத்து வீடு திரும்பியதும் பழம் வாங்கிக்கொண்டு சோழபுரம் போனார். மனைவி ரமீஜா கூட வருகிறேன் என்றதற்கு, வேண்டாம், திட்டு வாங்கினால் நான் மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். கதவைத் திறந்தவள் தவசிமுத்துவின் மனைவி முனீஸ்வரி. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நீங்க வேணும்னு செய்யலன்னு தெரியும்ணே. ஆனா உள்ள வாங்கன்னு சொல்ல மனசு வரல. கோவிச்சுக்கிடாதீங்க" என்றாள்.

பழப்பையை வாசலில் வைத்துவிட்டுப் பாரூக் திரும்பி நடந்தார். எதிரியே வாசலில் நின்றாலும் 'வாங்க' என்று சொல்கிற ஊர் இது. அந்த ஒரு சொல் இல்லாமல் திரும்பியது அவருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

அடுத்த நாளே கடைக் கண்ணாடியில் தாள் ஒட்டினார்: 'இங்கு கழுத்தில் சொடக்கு எடுக்கப்பட மாட்டாது.' அன்றிலிருந்து தொடங்கியது கூத்து. தலையைப் பிடித்து முடித்து, துண்டால் துடைத்து, தள்ளி நின்றாலும் ஆள் எழுந்திருக்க மாட்டான். கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை வாகாக நீட்டியபடி உட்கார்ந்திருப்பான்.

"அண்ணாச்சி, முடிஞ்சிருச்சு."

"எங்க முடிஞ்சது? இன்னும் சொடக்கே வுடலையே!"

சிலர் நாற்காலியிலேயே தாடையைப் பிடித்துத் தாங்களே திருப்பிப் பார்த்தார்கள். பாரூக் பதறிப்போய்க் கையைத் தட்டிவிடுவார். பத்திரம் எழுதுகிற பாண்டிதுரை தினம் வருகிறவர், வாய் சும்மா இருக்காது. "மங்களம் பாடாம எந்திரிச்சுப் போற கச்சேரி மாதிரில்லா இருக்கு பாய்!" என்றார். ராஜபாளையத்திலிருந்து கேஸுக்கு வருகிற தெலுங்கு பேசும் பெரியவர் ஒருவர், "பேரு பெத்த பேரு" என்று தொடங்கி, மீதியைச் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போனார். மீதி எல்லோருக்கும் தெரிந்ததுதானே. பேர்தான் பெரிய பேர், குடிக்கத் தண்ணீர் கிடையாது. இரண்டு கடை தள்ளி இன்னொரு சலூனில் சொடக்கு தாராளமாக விழுந்தது. ஆடி பிறப்பதற்குள் பாரூக் கடையில் பெஞ்சு பாதி காலி.

"பழையபடி லேசாப் போட்டுவுடுங்க பாய், ஒண்ணும் ஆகாது" என்று புத்தி சொன்னவர்களும் உண்டு. பாரூக் அசையவில்லை. கடையை மூடினாலும் மூடுவேன், கழுத்தைத் தொட மாட்டேன் என்று இருந்தார். வெளியே அப்படி; உள்ளே பயம்தான். இந்தக் கையை நம்பி இனிமேல் யார் தலை கொடுப்பார்கள்?

செவ்வாய்க்கிழமை சலூனுக்கு லீவு. அப்படி ஒரு செவ்வாய் மத்தியானம் ரமீஜா தலையைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் துணி மடிக்கிற வேலைக்குப் போகிறவள். தறிச் சத்தம் மண்டைக்குள்ளேயே இருக்கிறது என்றாள். பாரூக் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தார்.

"ஊர்த் தலையெல்லாம் பிடிச்ச கைக்கு இன்னைக்குத்தான் என் தலை கண்ணுல பட்டுச்சா?"

"பேசாம இரு. பேசினா நெத்தி இறுகும்."

கால் மணி நேரம் பிடித்தார். அவசரம் இல்லை, பெஞ்சில் பார்க்க ஆள் இல்லை. முடிக்கிற இடம் வந்தபோது இங்கேயும் அதே சிக்கல், எப்படி முடிப்பது? யோசித்துக்கொண்டே இரண்டு உள்ளங்கையையும் குழிவாகக் கூப்பி, அவள் உச்சியில் மெதுவாகத் தட்டினார். 'டொப்... டொப்... டொப்.' வழக்கமாகத் தட்டுகிற அவசரத் தட்டு இல்லை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு விட்டுத் தட்டினார். ரமீஜா பெருமூச்சு விட்டாள்.

"ஆங். இறங்கிருச்சு."

"என்ன இறங்கிருச்சு?"

"தறிதாங்க. அந்தத் தட்டுல இறங்கிருச்சு. முடிஞ்சதுன்னு தலைக்கே தெரிஞ்சுபோச்சு."

பாரூக் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆக, வந்தவர்களுக்கு வேண்டியது கழுத்தைத் திருப்புவது இல்லை. முடிந்தது என்று சொல்கிற ஒரு சத்தம். அதைக் கையில் வைத்துக்கொண்டே இத்தனை வருஷம் நடுவில் தூக்கிப் போட்டிருக்கிறோமே என்று தன்னைத் தானே வைதுகொண்டார். அன்று சாயங்காலம் முழுக்கத் தன் முழங்காலில் தட்டித் தட்டிப் பார்த்தார். ரமீஜா, "முட்டி பேந்துரும், போதும்" என்று அதட்டிய பிறகுதான் நிறுத்தினார்.

மறுநாள் பாண்டிதுரையிடம் அதைப் போட்டுப் பார்த்தார். ஏழு தட்டு. கடைசித் தட்டு கொஞ்சம் ஓங்கி. பாண்டிதுரை கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தார், வாயைத் திறந்தார், ஒன்றும் சொல்லாமல் எழுந்து துண்டை உதறிப் போட்டார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை என்பதுதான் அவர் வாயிலிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு. ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. சொடக்குதான் வேண்டும் என்கிறவர்கள் இரண்டு கடை தள்ளிப் போனார்கள், பாரூக்கும் மறிக்கவில்லை. ஆனால் பெஞ்சு நிறைந்தாலும் ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவில் சோழபுரத்து வாசல் அவர் கண்ணில் வந்து நிற்கும்.

ஆவணி கடைசியில் ஒரு திங்கட்கிழமை, கோர்ட் நாள், பெஞ்சில் ஐந்து பேர். வாசலில் தவசிமுத்து வந்து நின்றார். இளைத்திருந்தார். அவருக்குப் பின்னால், சலூனுக்குள் வரக் கூச்சப்பட்டு, வெளியில் நிழலைப் பார்த்து ஒதுங்கினாள் முனீஸ்வரி.

"பாய், தலையப் பிடிச்சு வுடுங்க" என்றார் தவசிமுத்து.

பாரூக் ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். "வேணாம் தம்பி. வேற யார்கிட்டயாச்சும்..."

"டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் வாரேன். தலை சரி, கழுத்து மட்டும் கூடாதுன்னுட்டாங்க. வண்டியும் ஓட்டலாமாம். ஆனா உறக்கம் இல்ல பாய். நாலு மாசமாச்சு. தலையணையில தலைய வச்சா, திரும்பிப் படுத்தா செத்துருவமோன்னு பயம். மாத்திரைக்கு மசிய மாட்டேங்குது." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "சரக்க எந்த இடத்துல ஏத்துனமோ அங்கயே கொண்டாந்து இறக்கிற வேண்டியதுதான்னு வந்துட்டேன்."

பாண்டிதுரை எழுந்து போய், ஜன்னல் ஓரத்து எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து பாரூக் கையில் கொடுத்தார். மனுஷனுக்கு நல்ல குணமும் உண்டு.

பாரூக் இரண்டு தடவை கையைத் துடைத்துவிட்டுத்தான் முதல் விரலை வைத்தார். தவசிமுத்துவின் தோள் விறைத்தது. இரண்டு பேரும் பயந்துகொண்டுதான் தொடங்கினார்கள். எண்ணெய் ஊறியது. உச்சி, நெற்றி, பொட்டு. காதுக்கு மேலேயே நின்று திரும்பி வந்தது கை. செத்த நேரத்தில் தோள் இறங்கியது. பிறகு தாடை தளர்ந்தது. மடியில் இறுகிக் கிடந்த இடது கை, அன்று மரத்துப்போன அதே கை, மெதுவாக விரிந்தது. பாரூக் அதைக் கண்ணாடியில் பார்த்தார். தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முடிக்கிற நேரம் வந்தது. சாய்மானத்தில் தலை நன்றாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உள்ளங்கைகளைக் குழித்துத் தூக்கினார். அப்போதுதான் கேட்டது, சன்னமான குறட்டை. தூக்கிய கை அப்படியே நின்றது. பாரூக் தட்டவில்லை. கையை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டார். இன்னொரு நாற்காலியைக் காட்டி அடுத்த ஆளைக் கண்ணாலேயே கூப்பிட்டார். "முடிஞ்சுதா?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த டிவியைப் பாண்டிதுரை அணைத்தார்.

அரை மணி நேரம் போனது. வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள் முனீஸ்வரி.

"அண்ணே, என்ன செய்யுதாக?"

"உறங்குதாரு தங்கச்சி. எழுப்பவா?"

"ஐயோ, எழுப்பிராதீங்க!" அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். பாரூக் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் நிழலில் போட்டார். அவள் உட்கார்ந்தாள். அவர் திரும்பப் போகும்போது கூப்பிட்டாள்.

"அண்ணே."

"சொல்லும்மா."

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமைதான, கடை லீவுதான? ரமீஜா மதினியையும் கூட்டிட்டு வீட்டுக்கு வாங்க."