கண்ணை மூடிய வகுப்பில் என் ஐந்து மெசேஜ்கள்

வியாழக்கிழமை காலை 9.12. என் மகள் வர்ஷா ஆஸ்பத்திரிக்குள் போனாள்.

அதாவது, என் மொபைலில் அவளைக் காட்டும் நீலப் புள்ளி போனது. புனே கேம்ப் பகுதியில் அவள் பயிற்சி ஆசிரியையாக இருக்கும் பள்ளியின் மேல் நிற்க வேண்டிய புள்ளி, மெல்ல நகர்ந்து பக்கத்து ஆஸ்பத்திரியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு நகரவே இல்லை.

அன்றைக்குத்தான் அவளுக்கு பி.எட். கடைசித் தேர்வுப் பாடம். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்க, ஆறாம் வகுப்புக்கு அறிவியல் நடத்த வேண்டும். தேறாவிட்டால் இன்னொரு வருடம். ஒரு மாதமாக எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

பரீட்சை நேரத்தில் ஆஸ்பத்திரியில் என்ன வேலை? மயங்கி விழுந்தாளா? ஸ்கூட்டர் எதுவும் இடித்ததா?

போன் செய்தேன். எடுக்கவில்லை. இரண்டாம் முறையும் எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். வர்ஷா புனேயில் பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. எனக்கோ மகளுக்கு ஆங்கிலத்தில் எழுத மனம் வராது. தமிழில்தான் எழுதுவேன் — அதுவும் கமா, முற்றுப்புள்ளி எல்லாம் வைத்து. இதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். நான் அனுப்பும் மெசேஜை மட்டும் மொபைலே உரக்கப் படித்துவிடும். பஸ்ஸில் இயர்பட்ஸ் வழியாக ஒரு பெண் குரல், எந்த உணர்ச்சியும் இல்லாமல், ‘வரும்போது வெண்டைக்காய் வாங்கி வா’ என்று அவள் காதில் சொல்லும். இந்தப் பத்தியையும் அவள் அப்படித்தான் கேட்கிறாள்.

அவளுக்கு எல்லாமே கருவிதான். டேப்லெட்டில் அட்டெண்டன்ஸ். பாடக்குறிப்பைத் தலை பின்னிக்கொண்டே மொபைலிடம் சொல்ல, அது எழுதிக்கொள்ளும். வகுப்பில் சத்தம் கூடினால் கையிலிருக்கும் வாட்ச் அதிரும். பையில் பவர் பேங்க் இரண்டு உண்டு. சாக்பீஸ் ஒன்றுகூடக் கிடையாது.

சரி, புள்ளிக்கு வருகிறேன். ஹிஞ்சேவாடிக்கு கம்பெனி கேபில் போய்க்கொண்டிருந்த என் மனைவி உமாவை அழைத்தேன்.

“ஏனுங்க, போன்ல ஒரு புள்ளியைப் பாத்துட்டா இத்தனை பதட்டம்? ஸ்கூலுக்குப் போட்டுக் கேளுங்க.”

“எங்கேஜ்டா இருக்கு உமா.”

“அப்ப சும்மா இருங்க.”

சும்மா இருப்பதா? எங்கள் வீடு இருக்கும் கோந்த்வாவிலிருந்து ஆட்டோ பிடித்தேன். டிரைவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “டென்ஷன் நகா கேவூ, காகா” என்றார். மராத்தியில், டென்ஷன் ஆகாதீர்கள் பெரியவரே என்கிறார். ஆனால் சிக்னலுக்குச் சிக்னல் அவரும் திரும்பி என் மொபைலைப் பார்த்தார். புள்ளி அங்கேயே நின்றது.

அந்தக் காலத்தில் பெற்றோருக்குப் பிள்ளை எங்கே இருக்கிறதென்று தெரியாது. மாலை வரை நிம்மதியாக இருந்தார்கள். நமக்குப் பத்தடி பிசகாமல் தெரிகிறது... நிம்மதி எங்கே?

பள்ளி வாசலில் வாட்ச்மேன் என்னை நிறுத்தினார். ஹிந்தியில் புலம்பினேன். அவர் மொபைலை வாங்கிப் பார்த்தார். பிறகு கட்டடத்தின் பின்பக்கத்தைக் காட்டினார். பரீட்சை நடக்கும் ஸ்மார்ட் ரூம் அங்கேதான். அதன் சுவருக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. இத்தனை நாளும் முன்பக்க வகுப்பில் இருந்தவள், இன்றைக்கு மட்டும் பின்பக்கம் போயிருக்கிறாள். அவ்வளவுதான்.

வாட்ச்மேன் தன் நாற்காலியைக் கொடுத்தார்.

மணி அடித்தது. வர்ஷா ஓடி வந்தாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போல.

“அப்பா, நீ அனுப்பிச்ச அஞ்சு மெசேஜும் ஃபுல் கிளாஸ் கேட்டுச்சு.”

பாடம், ஒலி. குக்கர் விசில், மிக்ஸி, என் தும்மல் என்று வீட்டிலேயே பதிவு செய்து வைத்திருந்தாள். மொபைலை வகுப்பு ஸ்பீக்கரில் இணைத்து, பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, என்ன சத்தம் என்று கண்டுபிடிக்கச் செய்திருக்கிறாள். போன் மணியை அணைத்தவள், வாசிக்கும் குரலை அணைக்க மறந்துவிட்டாள்.

தும்மலுக்கு அடுத்து ஸ்பீக்கரில் வந்தது: “எந்த வார்டு? ரத்தம் வேண்டுமா? நான் பி பாசிட்டிவ்.”

“பசங்க என்ன சொன்னாங்க தெரியுமா? ஒருத்தன் ரயில்வே அனௌன்ஸ்மென்ட்னான். இன்னொருத்தி, நஹி, ஏர்போர்ட்னா.”

“நீ என்னம்மா பண்ணினே?”

“ஆஃப் பண்ணத்தான் போனேன்பா. அதுக்குள்ள லாஸ்ட் மெசேஜ் வந்துடுச்சு. ‘பயப்படாதே வர்ஷா, அப்பா வருகிறேன்.’ என் பேரைக் கேட்டதும் எல்லாரும் மிஸ், மிஸ்னு கத்த ஆரம்பிச்சுட்டாங்க. சரின்னு, கண்ணைத் திறக்காதீங்க, இதைச் சொல்ற ஆள் எந்த மூட்ல இருக்கார்னு சொல்லுங்கன்னேன். தெரியலைன்னாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் அதையே நான் சொன்னேன். நீ சொல்ற மாதிரியே. அந்த அவசரம், அந்த நடுக்கம், எல்லாம் போட்டு.”

அந்த வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் தமிழ் தெரியாது. ஆனால் முன்வரிசைப் பையன் கண்ணைத் திறக்காமலே சொன்னானாம்: “மிஸ், இவருக்குத்தான் பயம்.”

அங்கிருந்தே குரலின் ஏற்றம், இறக்கம், அதிர்வு என்று மீதிப் பாடத்தை நடத்தி முடித்திருக்கிறாள். பவர் பாயின்ட்டில் போட்டு வைத்திருந்த பாதியைத் திறக்கவே இல்லையாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே பின்வரிசைத் தேர்வாளர் ஞாபகம் வந்தது.

“மேடம் என்ன சொன்னாங்க?”

“எதுவுமே சொல்லலப்பா. எழுதிட்டே இருந்தாங்க.” அவள் முகம் சுருங்கிவிட்டது. “பிளான்ல இல்லாததை நடத்தக் கூடாதுன்னு ரூல் இருக்கு.”

ஒரு வருடம். என் ஐந்து மெசேஜால் ஒரு வருடம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

அதற்குள் தேர்வாளர் வந்துவிட்டார். ஒல்லியான மராத்திய அம்மா, காட்டன் புடவை, கையில் ஃபைல். வர்ஷா நிமிர்ந்து நின்றாள். நானும், பரீட்சை எழுதியவன் மாதிரியே.

நான் தந்தை என்று வர்ஷா சொன்னதும், என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு ஹிந்தியில் நிதானமாகச் சொன்னார்:

“மொபைலைச் சரியா அணைக்காததுக்கு ரெண்டு மார்க் குறைச்சிருக்கேன். ஆனா அத்தனை பிள்ளைங்க, அவ திறங்கன்னு சொல்ற வரைக்கும் கண்ணைத் திறக்கல. இருபது வருஷ சர்வீஸ்ல எனக்கே அது நடந்ததில்லை. இவ டீச்சர் ஆயிட்டா சார். நீங்க வீட்டுக்குப் போங்க.”