கொட்டிவிட்ட மேல்தண்ணீர்

நான் எழுதிக் கொடுத்த அறிக்கை பொய். எழுதிய நாளில் அது பிழை. மூன்று வாரம் கழித்து, தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டபோது பொய்யாயிற்று.

மதுரையில் இரசாயனம் படித்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பெண், நான் அறிந்தவரை, அப்போது நான் ஒருத்திதான். பெருமையாகவே சொல்கிறேன்... ஏன் சொல்லக் கூடாது!

பஞ்சாலையில் கழிவுப் பஞ்சு பிரிக்கும் பெண்கள், தூசியை வெளியே இழுக்கும் விசிறி கேட்டிருந்தார்கள். மூச்சோடு நெஞ்சுக்குள் போகும் நுண்தூசி இருந்தால் விசிறி உண்டு என்றார் ஆலையின் துரை. சோதனை என்னிடம் வந்தது.

உத்தரத்தில் படிந்த தூசியை நானே ஏணியில் ஏறி வழித்தேன். கீழே, பஞ்சு பிரிக்கும் முத்தம்மா அக்கா நின்றார்.

"பாத்து தாயி, விழுந்து கிழுந்து வச்சிராதீக! எங்க நெஞ்சுல எம்புட்டுக் கெடக்குன்னு நீங்கதான் சொல்லணும்."

"ஒனக்கு ஒரு மெத்தைக்குத் தேறும்டி!" என்றாள் பக்கத்தில் ஒருத்தி.

சலித்தேன். நிறுத்தேன். தண்ணீரில் கலக்கி, உயரமான கண்ணாடிக் குடுவையில் ஒரு மணி நேரம் வைத்தேன். மேல்தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடியில் படிந்ததை உருப்பெருக்கியில் பார்த்தேன். எல்லாம் பருமனான தூசி. 'நுண்தூசி இல்லை' என்று எழுதினேன்.

அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுத்துப் பழகிய கை... மேல்தண்ணீரை இறுத்துக் கொட்டுவதுதானே அதற்குத் தெரியும்! நுண்தூசி அவ்வளவு விரைவில் அடியில் இறங்காது. நான் கொட்டியதில்தான் அது மிதந்தது.

மூன்று வாரம் கழித்து, மீதித் தூசியைக் கலக்கி வைத்திருந்தபோது குடுவையில் சன்னல் வெயில் விழுந்தது. தெளிந்ததாக நான் எண்ணிய தண்ணீர் முழுதும் புகைமூட்டம்!

அதற்குள் விசிறி இல்லை என்று முடிவாகியிருந்தது. என்னை எல்லோரும் பாராட்டியும் முடித்திருந்தார்கள். பிழை என்று சொன்னால்? 'பொம்பளையிடம் கொடுத்தால் இப்படித்தான்' என்பார்களே... அதைத் தாங்க முடியாதவளா நான்? ஆம், முடியாதவள்தான்.

பிறகு அந்த மேல்தண்ணீரை மெல்லிய குழாயால் இறக்கி, ஆறு முறை தெளிய வைத்து, நுண்தூசியைத் தனியே பிரித்தேன். அத்தனை துப்புரவாக வேறு எவரும் பிரித்து நான் பார்த்ததில்லை. இன்றும் எனக்கு அதில் கர்வம் உண்டு! 'ஒரு புதிய முறை' என்று கட்டுரை எழுதினேன். எந்த ஆலையின் தூசி என்று எழுதவில்லை.

ஒரு நாள் செல்லூர்ச் சந்தில் முத்தம்மா அக்கா எதிரே வந்தார். இருமி முடிக்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தூசி இல்லைன்னு நீங்க எழுதிட்டீகல்ல தாயி... அந்தத் தைரியத்துலதான் எம் மகளையும் அங்கயே சேத்துவிட்டேன்."

"நல்லது அக்கா" என்றேன்.