பூட்டாத பெட்டி

ஹனீபா ஏற்காட்டில் மைக் செட் கடை வைத்திருந்தார். 1983இல் வெள்ளக்கடைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சங்க அலுவலகத்திலிருந்து அவர்களின் குடியிருப்புவரை கம்பி இழுத்து ஸ்பீக்கர் கட்டினார். ரிப்பேர் பார்க்க வசதியாக, வழியில் இருந்த இணைப்புப் பெட்டியைப் பூட்டாமல் விட்டார்.

ஒரு காலையில் ஸ்பீக்கரில், “போராட்டம் முடிஞ்சுதுங்க, எல்லாரும் வேலைக்கு வாங்க” என்று குரல் கேட்டது. பலரும் நம்பிப் போனார்கள். யாரோ அந்தப் பெட்டியில் மைக் செட்டை மாட்டிப் பேசியது தெரிவதற்குள் போராட்டம் உடைந்துவிட்டது. சங்கத் தலைவி சென்னம்மாளுக்கு வேலை போனது.

ஹனீபா அவரைத் தேடிப் போனார். “சத்தியமா நான் பேசலீங்க. பொட்டியப் பூட்டாம உட்டது மட்டும் நாந்தானுங்க.”

“நீங்க பேசலைன்னு தெரியுமுங்க. ஆனா எஸ்டேட்டு ஊட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களே” என்றார் சென்னம்மாள்.

ஹனீபா சென்னம்மாளின் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை கூடவே நடந்தார்.