விற்கப்போகும் வீட்டின் மாடியறை

வீடுகளின் உள்பக்கத்தைப் படம் எடுப்பதுதான் என் வேலை. முன்பெல்லாம் கல்யாணம், காதுகுத்து, சீர் என்று மண்டபம் மண்டபமாக ஓடிக்கொண்டிருந்தேன். முழங்கால் வலி வந்த பிறகு, ஆட்கள் இல்லாத படங்களுக்கு மாறிக்கொண்டேன். சோபா கண்ணை மூடிவிடாது. அலமாரி சாப்பிடப் போய்விடாது. கோவையில் புதுவீடு கட்டித் தரும் பொறியாளர்களும், பழைய வீட்டை விற்றுத் தரும் புரோக்கர்களும் கூப்பிடுவார்கள். என் காரின் பின்சீட்டில் எப்போதும் இரண்டு குஷன், ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு, ஒரு மணிபிளான்ட் தொட்டி, சட்டம் போட்ட மலைப் படம் ஒன்று இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் இவையும் இறங்கும்.

சூலூர் வீட்டைப் பற்றிப் பேசும்போது புரோக்கர் ஒன்றை இரண்டு தடவை சொன்னார். "அக்கா, அந்த ஊட்டுக்காரர் வண்டியில இருந்து உழுந்து இடுப்புக்குக் கீழ வராமப் போச்சுங்க. வீல்சேரு, ஆஸ்பத்திரிக் கட்டிலு, ஒண்ணும் போட்டோவுல வந்துறக்கூடாது. வாங்கறவங்க சகுனம் பாப்பாங்க."

இது எனக்குப் புதிதில்லை. மருந்து டப்பா, மாலை போட்ட படம், கிழிந்த மெத்தை எல்லாவற்றையும் சட்டத்துக்கு வெளியே தள்ளித்தான் பழக்கம். சரி என்றேன்.

காலை ஒன்பது மணிக்குப் போனேன். கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி. தனியார் பள்ளியில் டீச்சர்; அன்று லீவு போட்டிருந்தார். ஹாலில் சக்கர நாற்காலியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார் கணவர். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். லேத் பட்டறை வைத்திருந்தவர். விபத்துக்குப் பிறகு அதைக் கைமாற்றிவிட்டு, இப்போது பம்பு கம்பெனிகளுக்கு உதிரிபாகங்களின் படம் வரைந்து கொடுக்கிறார்.

நான் முக்காலியை விரித்ததும் அவரே கேட்டார். "நான் எங்க இருந்தா உங்க கேமராவுல உழமாட்டேன்னு சொல்லுங்கக்கா. அங்க போயிக்கிறேன்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "எனக்குப் பின்னால வந்துருங்க" என்றேன். அப்படித்தான் அந்த வீட்டின் கீழ்த்தளம் முழுக்க எடுத்தோம். ஒவ்வொரு அறையிலும் அவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் வருவார். கேமராவின் சின்னத் திரையை எட்டிப் பார்ப்பார். மின்விசிறியை ஏன் நிறுத்தச் சொல்கிறேன், ஏன் ஒரே இடத்தை வெளிச்சம் மாற்றி மூன்று முறை எடுக்கிறேன் என்றெல்லாம் கேட்டார். கேமரா கொஞ்சம் அண்ணாந்தால் சுவர்கள் உள்பக்கம் சாயும், அதனால்தான் நெஞ்சு உயரத்தில் நேராக வைக்கிறேன் என்று காட்டினேன். "தூக்குக்குண்டு கட்டிப் பாத்தாப்ல நிக்கிதுங்க" என்று ரசித்தார். என் படங்களை அப்படி ஒரு பட்டறைக்காரரின் கண்ணால் யாரும் பார்த்ததில்லை.

பிறகு மாடிக்கு நான் மட்டும் போனேன். அங்கே பால்கனியோடு ஒரே அறை. ஜன்னலோரம் சாய்வான வரைபட மேஜை, அதன்மேல் துவைத்து மடித்த துணிகள். மேஜைக்கு மேலே சுவர் முழுக்கப் பென்சிலில் எண்கள், கோடுகள், அம்புக்குறிகள். துணியை எடுத்துக் கட்டிலில் விரிப்புக்கு அடியில் திணித்தேன். மேஜையை இழுத்துக் கேமராவுக்குப் பின்னால் நிறுத்தினேன். சுவரில் ஏற்கெனவே ஓர் ஆணி இருந்தது. அதில் என் மலைப் படத்தை மாட்டினேன். மிச்சம் தெரிந்த எழுத்தைக் கணினியில் அழித்துக்கொள்ளலாம். அகல லென்ஸில் அறை இரண்டு மடங்காகத் தெரிந்தது. நல்ல படம். இன்றைக்கும் அது நல்ல படம்தான்.

கீழே இறங்கியதும் அவர் கேட்டார். "மேல எடுத்ததக் கொஞ்சம் காட்டறீங்களா? நான் பாத்து மூணு வருசமாச்சுங்க."

கேமராவை அவர் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"இது எங்க ஊடுங்களா?"

"ஆமாங்க. லென்ஸுல கொஞ்சம் பெருசாத் தெரியும்."

"என்ற டேபிள் எங்கீங்கக்கா? செவுத்துல எழுதியிருந்தனே, வெள்ளையடிச்சுப்போட்டாங்களா?"

"இல்லீங்க, இருக்குது. படத்துக்காக நான்தான் மறைச்சேன்."

தலையாட்டினார். கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பரவால்லீங்க, விக்கறதுக்கு இதுதான் நல்லாருக்கும்" என்றார்.

சமையலறை வாசலில் அவருடைய மனைவி டீ டம்ளர்களோடு நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. "ஏனுங்க, மாடியப் பாக்கோணும்னு ஒருநாளும் நீங்க கேக்கவே இல்லியே" என்றார். "போன்ல எடுத்துக் காட்டியிருப்பனே."

"கேட்டா நீ சங்கடப்படுவீன்னு உட்டுட்டேன் அம்மணி."

"நாலு பேரு சேந்து தூக்கிட்டுப் போறம்னப்ப வேண்டாம்னீங்க. மாடிப் பேச்சே உங்களுக்குப் புடிக்கலையாக்குமுன்னு நானும் பேசுல."

மூன்று வருடமாக ஒருவருக்காக ஒருவர் அந்தப் பன்னிரண்டு படிகளைப் பற்றி வாயே திறக்காமல் இருந்திருக்கிறார்கள். எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. டீச்சரம்மா டம்ளர்களைக் கீழே வைத்தார். "வாங்கக்கா, மேல போலாம்" என்று எனக்கு முன்னால் ஏறினார்.

மேஜையை அவரே இழுத்துப் பழைய இடத்தில் போட்டார். ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தி, தரையில் கால் பதிந்திருந்த தடத்தைப் பார்த்துச் சரிசெய்தார். அலமாரியிலிருந்து ஸ்கேல், காம்பஸ் பெட்டி, பிடி உடைந்த ஒரு கப், எல்லாம் வந்தன. கப்பில் பென்சில்கள் அப்படியே இருந்தன. நான் மலைப் படத்தைக் கழற்றினேன். துணிகளைக்கூடத் திரும்ப எடுக்கப் போனேன். "அது வேண்டாங்க, அது நான் போட்டது" என்று சிரித்தார்.

அகல லென்ஸைக் கழற்றிவிட்டு, கண்ணால் பார்ப்பது போலவே காட்டும் லென்ஸைப் போட்டேன். விளக்குகளை அணைத்தேன். மேஜையை, பால்கனியை, வாசலில் நின்று பார்த்தால் தெரிவதை, மேஜைமுன் உட்கார்ந்து பார்த்தால் தெரிவதை எடுத்தேன். பக்கத்து விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு விமானம் தாழ்வாகப் போனது; ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சுவரை மட்டும் நான்கு பகுதிகளாக, ஒவ்வொரு எண்ணும் படிக்கும்படி எடுத்தேன்.

கீழே வந்து படங்களை அவருடைய மடிக்கணினியில் ஏற்றினேன். மற்றவற்றை வேகமாகத் தள்ளிவிட்டுச் சுவர்ப் படத்தில் நிறுத்தினார். பெரிதாக்கினார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. மனைவி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அழுதுவிடுவாரோ என்று இருவருக்கும் பயம்.

"ரெண்டாவது வரியே தப்புங்க!" என்றார் சத்தமாக.

விபத்துக்கு முந்தைய வாரம் அவர் பம்புக்குள் சுழலும் ஷாஃப்ட் ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறார். ஓடவிட்டால் ஆடிக்கொண்டே இருந்ததாம். ஏன் என்று கண்டுபிடிக்கச் சுவரில் போட்ட கணக்கு அது. "இத்தன நாளும் இரும்புதான் சரியில்லைன்னு நெனச்சிட்டிருந்தேன். நாந்தேன் கூட்டல்ல கோட்டை உட்டுருக்கறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், நாற்காலியே குலுங்கியது. டீச்சரம்மாவும் சிரித்தார். பாதிச் சிரிப்பில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீயைச் சூடாக்க உள்ளே போனார்.

வீடு இரண்டு மாதத்தில் விற்றுப்போனது, மலைப் படம் மாட்டி எடுத்த அந்தப் போட்டோவை வைத்தே. அவர்கள் சிங்காநல்லூர்ப் பக்கம் படியே இல்லாத ஒரு வீட்டுக்குப் போனார்கள். குடிபோன வாரம் டீச்சரம்மா போன் செய்து, சுவர்ப் படம் நான்கையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று அவருடைய கணவர் பிசியோதெரபிக்குப் போயிருந்தார். அந்த ஷாஃப்ட் பிறகு சரியாக ஓடியதா என்று கேட்க மறந்துவிட்டேன். இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த வீட்டுக்குப் போனாலும், ஒரு சாமானைக்கூடத் தொடுவதற்கு முன்னால், ஒவ்வொரு அறையையும் இருக்கிறபடியே ஒரு படம் எடுத்துவிடுகிறேன். காய்கிற துண்டு, அடுப்பில் பால், கால்மிதிமேல் செருப்பு, எதையும் நகர்த்துவதில்லை. புரோக்கருக்கு அனுப்புவதில்லை, வீட்டுக்காரர்களுக்கு மட்டும் கொடுப்பேன். சிலர் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சிலர் திறந்தே பார்ப்பதில்லை என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் அது வேண்டும் என்றும் இல்லை. போன மாதம் ஈரோட்டில் ஓர் அம்மா தன் சமையலறைப் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தக் கோலத்துலயா எடுப்பீங்க, மொதல்ல அதை அழிச்சுப்போடுங்க கண்ணு" என்றார். அழிக்கும்வரை என் பக்கத்தை விட்டு நகரவில்லை. அழித்துவிட்டேன். அதுவும் அவர் வீடுதானே.