பல்லில்லாத வாயில முறுக்கு

என் பேத்தி பொறந்த ரெண்டாவது வாரமே, மூச்சு இழுக்கும்போது ஙொய்ஙொய்னு ஒரு சத்தம். மல்லாக்கப் படுக்க வெச்சா இன்னும் ஜாஸ்தி. "கம்பெனி பஸ்ஸ முழுங்கிட்டு வந்துட்டாடி உன் பொண்ணு"ன்னு என் பொண்ண கிண்டல் பண்ணிக்கினு இருந்தேன். அது ஒரகடத்துல கார் பார்ட்ஸ் லைன்ல வேல பாக்குது. பிரசவ லீவுல என் வூட்டுல இருந்துச்சு.

ரெண்டு மாசமாச்சு. பால் குடிக்கவே புள்ள திணறுது, நெஞ்சுல குழி விழுது. எங்க தெருவுல தொக்கம் எடுக்கறவ ஒருத்தி கீறா. கொழந்த தொண்டையில சிக்குனத உறிஞ்சி எடுத்துட்டேன்னு காட்டுவா. நாப்பது வருஷமா என் கூட்டாளி. நான்தான் கூட்டிக்கினு போனேன். எனக்கு இருந்த புத்தி அவ்ளோதான்.

புள்ள கழுத்தாண்ட வாய வெச்சி உறிஞ்சி உள்ளங்கையில துப்புனா. முறுக்குத் துண்டு!

"இன்னாம்மா இது?"ன்னு என்னையப் பாத்துக் கேட்டுச்சு என் பொண்ணு.

"எனக்கே பல்லு இல்ல, முறுக்குக்கு எங்கடி போவேன்?"

"நீதான தண்ணில ஊறவெச்சித் துன்ற? புள்ளைக்கு நாளைக்கே பிரியாணி ஊட்டுவேன்னு சொன்னதும் நீதான?"

தமாசுக்குச் சொன்னதெல்லாம் சாட்சி சொல்ல வந்து நின்னுச்சு. அன்னிலேர்ந்து புள்ளய என் கையில குடுக்கல. குளிக்கப் போனாக்கூட பக்கத்து வூட்டுல குடுத்துட்டுப் போச்சு.

சத்தம் நிக்கல. ஒரு நாள் காலையில புள்ள ஒதடு நீலமாயிடுச்சு. மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். டாக்டரம்மா மூக்கு வழியா மெல்லிசா கேமரா டியூப் வுட்டுப் பாத்தாங்க. அடிநாக்குல, தொண்டையாண்ட, திராட்சை மாதிரி ஒரு நீர்க்கட்டி, மூச்சு போற வழிய அடச்சிக்கினு கீதாம்.

"கருவுலயே வந்ததும்மா. யாரும் எதையும் குடுத்து வர்றதில்ல. எங்கயோ ஒரு கொழந்தைக்கு இப்படி இருக்கும்."

என் பொண்ணு என் பக்கம் திரும்பல. ஆபரேஷன் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுச்சு.

கட்டிய எடுத்துட்டாங்க. வூட்டுக்கு வந்தப்புறம் கூட்டாளி புள்ளயப் பாக்க வந்தா.

"ஏண்டி, அந்த முறுக்கு எங்கேந்து வந்துச்சு?"

"எதுனா காட்டலன்னா ஜனம் நம்பாதுடி. நான் துன்னது கடவாயில இருந்துச்சு."

"அதுக்கு என்னைய மாட்டி வுடுவியா?"

"உன் பொண்ணு உன்னைய சந்தேகப்படும்னு நான் இன்னா கண்டேன்? பெத்த பொண்ணாச்சே!"

அவள வாய்க்கு வந்தபடி திட்டித் தீத்தேன். உள்ளேந்து கேட்டுக்கினு இருந்த என் பொண்ணு, வெளிய வந்து புள்ளய என் மடியில போட்டுச்சு.

"திங்கக்கெழம ஷிப்டுக்குப் போணும். பாத்துக்கோம்மா."

அவ்ளோதான். புள்ளய வாங்கிக்கினேன். என் பொண்ணு மூஞ்சிய மட்டும் நான் பாக்கல.